முதுகைக் காட்டி நின்றவர்

கோரக்பூரிலிருந்து லக்னோ வர ரயில் டிக்கெட்டுக்குக் காசில்லை என்றார் ஒருவர். இந்திய அரசமைப்பின் மூன்று பெரிய அமைப்புகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட கதை அங்கேதான் சூடுபிடித்தது.

ஆண்டு 1964. அவர் பெயர் கேசவ் சிங், சோஷலிஸ்ட் கட்சிக்காரர். உத்தரப் பிரதேசச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தகிடுதத்தங்களை அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு துண்டுப் பிரசுரத்தில் வேறு சிலரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தார். அது கோரக்பூர் டீக்கடைகளோடு நின்றிருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். லக்னோவில் சட்டமன்ற வளாகத்துக்குள்ளேயே கைமாறியது. மன்றத்துக்குக் கோபம் வந்துவிட்டது. உறுப்பினரின் உரிமையை மீறினார்கள், மன்றத்தை அவமதித்தார்கள் என்று முடிவுசெய்து, கையெழுத்துப் போட்டவர்களைக் கூப்பிட்டுக் கண்டிப்பது என்று தீர்மானித்தார்கள்.

கண்டிப்பது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மன்றத்தின் வாயிலில் போய் நிற்க வேண்டும், சபாநாயகர் திட்டுவார், வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு பேர் பிப்ரவரி 19-ஆம் தேதி வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். கேசவ் சிங் வரவில்லை. பயணச் செலவுக்குப் பணமில்லை என்று சொல்லி அனுப்பினார். மன்றமே ஆளை அனுப்பிப் பிடித்துவரச் செய்தது. மார்ச் 14-ஆம் தேதி காவலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

சபாநாயகர் பெயரைக் கேட்டார். பதிலில்லை. கேள்வி மேல் கேள்வி, வாயே திறக்கவில்லை. கேசவ் சிங் சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். போதாததற்கு, மூன்று நாள் முன்பே ஒரு கடிதமும் எழுதியிருந்தார். பிரசுரத்தில் எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை, என்னைப் பிடிக்க வாரண்ட் போட்டது நாதிர்ஷா பிறப்பித்த கட்டளை மாதிரி ஜனநாயகத்தின் மேல் விழுந்த அடி என்பது அதன் சாரம். 1739-இல் டெல்லியைச் சூறையாடிய நாதிர்ஷாவின் பெயர் வடநாட்டில் இன்றும் அட்டூழியத்துக்கு மறுபெயர். திட்டு வாங்க வந்தவர் மன்றத்தையே திட்டிவிட்டார்.

உடனே முதலமைச்சர் எழுந்தார். அப்போது முதல்வர் சுசேதா கிருபளானி, இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர். இவருக்கு ஏழு நாள் சிறை என்று தீர்மானம் முன்மொழிந்தார். மன்றம் ஏற்றது. கேசவ் சிங் லக்னோ மாவட்டச் சிறைக்குப் போனார்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம்.

ஒரு மனிதனைச் சிறையில் அடைக்கச் சாதாரணமாக என்னென்ன வேண்டும்? பெரிய கோயில் உண்டியலுக்கு ஒரு பூட்டு போதாதென்று இரண்டு மூன்று போட்டு, சாவிகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்து வைத்திருப்பார்கள். சிறைக்கதவும் அப்படித்தான். இன்ன செயல் குற்றம், அதற்கு இவ்வளவு தண்டனை என்று முன்கூட்டியே எழுதிவைப்பது சட்டமன்றத்தின் சாவி. இன்னார் அதைச் செய்தார் என்று கண்டுபிடித்து, பிடித்து, தீர்ப்புக்குப் பிறகு உள்ளே பூட்டிவைப்பது போலீசும் சிறையும் அடங்கிய நிர்வாகத்தின் சாவி. அவர் உண்மையிலேயே செய்தாரா என்று இருதரப்பும் கேட்டுச் சொல்வது நீதிமன்றத்தின் சாவி. சட்டம் எழுதியவருக்கு யார்மேல் அது பாயப்போகிறது என்று தெரியாது. தீர்ப்புச் சொல்பவருக்குச் சட்டத்தை மாற்ற முடியாது. பூட்டுபவருக்கு இரண்டும் முடியாது. மூன்று பேரும் கூடினால்தான் கதவு சாத்தப்படும்.

கேசவ் சிங் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். அவமானப்பட்டது மன்றம். புகார் சொன்னது மன்றம். எது அவமதிப்பு என்று சொல்லும் சட்டப் புத்தகம் எதுவும் கிடையாது. அதையும் மன்றமே அந்தந்த நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். விசாரித்தது மன்றம், தண்டித்தது மன்றம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில்கூட வழக்குப் போட்டவரே நாட்டாமை திண்ணையில் ஏறி உட்கார்ந்தால் நாலு பேர் முணுமுணுப்பார்கள். இங்கே அதற்கு ‘சட்டமன்றச் சிறப்புரிமை’ என்று பெயர்.

முன்மொழிந்தவர் முதலமைச்சர் என்பதையும் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் அரசுக்கு மூன்று தூண்கள் என்று படம் போடும். தூண்கள் தள்ளித் தள்ளி நிற்கும், ஒன்றை ஒன்று தொடாது. அமெரிக்காவைப் பற்றி அந்தப் படம் ஓரளவு உண்மை. அங்கே அமைச்சராக வேண்டுமானால் காங்கிரஸ் உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். இந்தியாவில் நேர்மாறு. மன்ற உறுப்பினராக இல்லாதவர் அமைச்சரானால் ஆறு மாதத்துக்குள் உறுப்பினராகியே தீர வேண்டும். நிர்வாகம் சட்டமன்றத்தின் மடியில் பிறந்து, அதன் மடியிலேயே உட்கார்ந்து, பெரும்பாலும் அதையே ஆட்டிவைக்கிறது. அரசமைப்பின் 50-ஆவது உறுப்பு ஒரே ஒரு பிரிவினையைத்தான் கேட்கிறது: நீதித்துறையை நிர்வாகத்திடமிருந்து பிரிக்க வேண்டும். மற்ற இரண்டைப் பிரிக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை. ஆக நம் நாட்டில் மூன்று தூண் என்பதைவிட, ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்தும் இரண்டு பேர், எதிர்வீட்டில் தனியாக ஒருவர் என்பது சரியான படம்.

அந்த எதிர்வீட்டுக் கதவைத்தான் மார்ச் 19-ஆம் தேதி ஒரு வக்கீல் போய்த் தட்டினார்.

வக்கீலின் பெயர் சாலமன். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளையில் கேசவ் சிங்குக்காக ஆட்கொணர்வு மனு போட்டார். சட்டத்துக்குப் புறம்பாக ஒருவரை அடைத்துவைத்திருக்கிறார்கள், ஆளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள் என்பதுதான் இந்த மனு. நீதிபதிகள் நசீருல்லா பெக், ஜி.டி. சகல் இருவரும் அமர்ந்திருந்தார்கள். அரசுத் தரப்பு வக்கீல் பிற்பகல் மூன்று மணிக்கு விசாரணை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டுப் போனார். மூன்று மணிக்கு மனு எடுக்கப்பட்டபோது அரசுத் தரப்பில் ஒருவரும் இல்லை. நீதிபதிகள் இடைக்கால ஜாமீன் கொடுத்து, மனுவை முழு விசாரணைக்கு ஏற்றுக்கொண்டார்கள். கேசவ் சிங் வெளியே வந்தார்.

இந்த நாடகத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் நீதிபதியும் இல்லை, சபாநாயகரும் இல்லை, சிறைக் கண்காணிப்பாளர். அவர் மேசையில் இரண்டு தாள்கள். ஒன்று சட்டமன்றத்தின் வாரண்ட்: ஏழு நாள் உள்ளே வை. இன்னொன்று உயர் நீதிமன்றத்தின் ஆணை: வெளியே விடு. இரண்டுக்கும் முத்திரை உண்டு. எதை மீறினாலும் அவமதிப்பு. எதை மீறினாலும் அவரே உள்ளே போகக்கூடும். இது வெறும் கற்பனைப் பயமில்லை. நூற்றிருபத்து நாலு வருஷம் முன்னால் லண்டனில் இதே நெருக்கடியில் மாட்டிய இரண்டு பேர் நிஜமாகவே சிறைப்பட்டார்கள்.

அந்தக் கதையைச் சொல்லாமல் லக்னோ கதை புரியாது. 1836-இல் நியூகேட் சிறையைப் பற்றி ஆய்வாளர்கள் கொடுத்த ஓர் அறிக்கையை பிரிட்டிஷ் காமன்ஸ் சபை அச்சிட்டது. கைதிகள் கையில் ஓர் அசிங்கமான புத்தகம் புழங்குகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்த உடற்கூற்றுப் புத்தகத்தை வெளியிட்ட ஸ்டாக்டேல், சபையின் அச்சகத்தார் ஹான்சார்டு மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார். சபை அச்சிடச் சொன்னது என்பதாலேயே அவதூறு அவதூறு அல்லாமல் போய்விடாது என்று 1839-இல் தலைமை நீதிபதி டென்மன் பிரபு தீர்ப்பளித்தார். அடுத்து போட்ட வழக்கில் நஷ்டஈட்டை வசூலிக்க, நீதிமன்ற ஆணையின்படி மிடில்செக்ஸ் மாவட்டத்தின் இரண்டு ஷெரிஃப்கள் ஹான்சார்டின் சொத்தை ஜப்தி செய்தார்கள். காமன்ஸ் சபை சும்மா இருக்குமா? ஸ்டாக்டேலையும் பிடித்து அடைத்தது, நீதிமன்றம் சொன்னதைச் செய்த குற்றத்துக்காக அந்த இரண்டு ஷெரிஃப்களையும் பிடித்து அடைத்தது.

ஷெரிஃப்கள் அதே நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். இருக்கையில் அதே டென்மன் பிரபு. அவருடைய நீதிமன்றத்தின் கட்டளையைச் செய்துதான் இவர்கள் உள்ளே போனார்கள். விட்டுவிடுவார் என்றுதானே நினைப்போம்? விடவில்லை. சபையின் வாரண்ட்டில் ‘அவமதித்தார்கள், ஆகவே காவல்’ என்று மட்டும் இருந்தது. என்ன அவமதிப்பு என்று எழுதவில்லை. காரணம் எழுதியிருந்தால் அது சரியா என்று பார்க்கலாம். எழுதாத காரணத்தை நீதிமன்றம் தோண்டிப் பார்க்க முடியாது என்றார். ஊமை வாரண்ட் என்று நாம் பெயர் வைக்கலாம். பேசினால் மாட்டிக்கொள்ளும், பேசாத வரை அதை யாரும் எதிர்த்துக் கேட்க முடியாது. அந்த 1840-ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சபை ஆவணங்களை அச்சிடுவோருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்தை இயற்றிச் சண்டையை முடித்தது.

இது நமக்கு எப்படி வந்து ஒட்டியது? நம் அரசமைப்பை எழுதியவர்கள் சிறப்புரிமைகள் என்னென்ன என்று பட்டியல் போடவில்லை. சட்டமன்றம் பிற்பாடு சட்டம் இயற்றி வரையறுத்துக்கொள்ளட்டும், அதுவரை பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு என்ன உரிமைகள் உண்டோ அவையே நமக்கும் என்று 194-ஆவது உறுப்பின் மூன்றாம் பிரிவில் எழுதிவைத்தார்கள். சுதந்திர நாட்டின் சட்டமன்றம் தன் அதிகாரம் என்னவென்று தெரிந்துகொள்ள லண்டனைப் பார்க்க வேண்டியிருந்தது. 1978-இல் 44-ஆவது திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரை நீக்கியது. முன்பு இருந்தவையே தொடரும் என்றது. பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள், கடை அதேதான். அந்த ‘பிற்பாடு’ இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தால் பதில் கடினமானதல்ல. எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடும். சட்டமானால் அடிப்படை உரிமைகளோடு ஒத்துப்போகிறதா என்று நீதிமன்றம் உரசிப் பார்க்கும். எழுதாமல் விட்டதில்தான் வசதி இருக்கிறது.

லக்னோவுக்குத் திரும்புவோம். சிறைக் கண்காணிப்பாளர் உயர் நீதிமன்றத்தின் தாளைத் தேர்ந்தெடுத்தார். சட்டமன்றம் கொதித்தது. மார்ச் 21-ஆம் தேதி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. கேசவ் சிங்கை மறுபடி பிடித்து உள்ளே போட வேண்டும். அவரையும், வக்கீல் சாலமனையும், உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேரையும் காவலில் எடுத்து மன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

நீதிபதிகளுக்கு இதை யாரும் முறைப்படி தெரிவிக்கவில்லை. அன்று மாலை ரேடியோ செய்தியில் கேட்டார்கள். மறுநாள் காலை பத்திரிகையில் படித்து உறுதிசெய்துகொண்டார்கள். பிறகு, எந்தக் குடிமகனும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்: மனு போட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஒரே நீதிமன்றம் அவர்களுடையதுதான். மார்ச் 23-ஆம் தேதி அலகாபாத்தில், மனுதாரர்களான அந்த இருவர் நீங்கலாக உயர் நீதிமன்றத்தின் 28 நீதிபதிகளும் ஒரே அமர்வாக உட்கார்ந்தார்கள். ஒரு மேடையில் 28 நாற்காலிகள்! சட்டமன்றத் தீர்மானத்தை நிறைவேற்றக் கூடாது என்று தடை போட்டார்கள்.

வழக்குப் போட்டவரே நாட்டாமை என்று மேலே மன்றத்தைக் குறை சொன்னேன். நியாயமாகப் பார்த்தால் இதையும் சொல்ல வேண்டும். இங்கேயும் தங்கள் வீட்டு ஆட்களின் வழக்கைத் தாங்களேதான் விசாரித்தார்கள். நீதிமன்ற அவமதிப்பு வழக்குகளும் அதே ரகம்தான். அவமதிக்கப்பட்ட நீதிமன்றமே விசாரித்துத் தண்டிக்கிறது. இரண்டு பக்கமும் கண்ணாடி வீடுகள். வெளியிலிருந்து ஒரு நடுவரைக் கூப்பிடலாமென்றால், அரசுக்கு வெளியே அரசமைப்பு யாரையும் வைக்கவில்லை.

அந்த ஒரு வாரத்தில் நாடு எங்கே போய் நின்றது என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. நீதிபதிகளைப் பிடிக்கச் சட்டமன்றக் காவலரிடமும் லக்னோ கமிஷனரிடமும் வாரண்ட் போயிருந்தது. அந்த வாரண்ட்டைச் செயல்படுத்தக் கூடாது என்ற தடையும் இருந்தது. கமிஷனர் நிர்வாகத்தின் ஆள். அவர் போலீசோடு நீதிபதி வீட்டு வாசலில் போய் நின்றிருந்தால், அடுத்த பக்கத்தை எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேட முடியாது. யாரும் அங்கே போகவில்லை. மார்ச் 25-ஆம் தேதி மன்றம் கொஞ்சம் இறங்கிவந்தது: விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் யாரையும் பிடிக்கும் எண்ணமில்லை என்று இன்னொரு தீர்மானம் போட்டு, வாரண்ட்டுகளைத் திரும்பப் பெற்றது. மறுநாளே குடியரசுத் தலைவர் தலையிட்டார்.

அவர் தலையிட்ட விதம் சுவாரசியமானது. குடியரசுத் தலைவரிடம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் இருக்கின்றன. அவர் கையில் எடுத்ததோ 143-ஆவது உறுப்பை. முக்கியமான சட்டக் கேள்வி எழுந்தால் உச்ச நீதிமன்றத்திடம் அவர் கருத்துக் கேட்கலாம் என்கிற உறுப்பு அது. வழக்கு இல்லை, வாதி பிரதிவாதி இல்லை, கேள்வித்தாள் மட்டும். தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தக் கதவைச் சமீபத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆளுநர் கிடப்பில் போட்ட 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே 14 கேள்விகளோடு இதே 143-இன் வழியாகக் குடியரசுத் தலைவரின் கடிதம் போனது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள்: நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது, ‘கிடைத்ததாகக் கொள்ளும்’ ஒப்புதலும் கிடையாது, அதற்காக ஆளுநர் காலவரையின்றி மசோதாவை முடக்கிவைக்கவும் முடியாது. மன்றம் இயற்றிய மசோதா, நிர்வாகத் தலைவரின் கையெழுத்து, நீதிமன்றத்தின் பேனா மூன்றும் ஒரே தாளின் மேல் மோதிய சமாச்சாரம் அது. தனிக் கட்டுரைக்கு உரியது.

1964-இல் கேள்வித்தாள் ஏழு நீதிபதிகளிடம் போனது. தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர். சட்டமன்றத்துக்காக வாதாடியவர் அரசமைப்புச் சட்டத்தின் பெரும் அறிஞரான எச்.எம். சீர்வை. அவர் வாதத்தின் முதுகெலும்பு, மேலே சொன்ன ஊமை வாரண்ட்தான். காமன்ஸ் சபைக்கு உள்ள உரிமைகளெல்லாம் எங்களுக்கும் உண்டு என்று அரசமைப்பே சொல்கிறது. காமன்ஸ் சபையின் பேசாத வாரண்ட்டைக் கிளறிப் பார்க்க முடியாது என்று இங்கிலாந்து நீதிமன்றமே ஒத்துக்கொண்டிருக்கிறது. அப்படியிருக்க இந்த வாரண்ட்டை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்?

செப்டம்பர் 30-ஆம் தேதி பதில் வந்தது. ஏழு நாள் தண்டனையைப் பற்றிப் பேச ஆறு மாதம். ஆறு நீதிபதிகள் ஒருபக்கம். நீதிபதி சர்க்கார் மட்டும் மாற்றுக் கருத்து. பெரும்பான்மையின் தர்க்கத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். இங்கிலாந்தில் நாடாளுமன்றம் வெறும் சட்டமியற்றும் சபையாக வளரவில்லை. ஒரு காலத்தில் அதுவே நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம். ஊமை வாரண்ட்டுக்குக் கிடைத்த மரியாதை, ஒரு உயர்ந்த நீதிமன்றம் இன்னொரு நீதிமன்றத்துக்குத் தரும் மரியாதை. உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் எந்தக் காலத்திலும் நீதிமன்றமாக இருந்ததில்லை. சொத்து கைமாறலாம், பரம்பரை கைமாறாது.

இன்னொன்று, இங்கிலாந்தில் எழுதிவைத்த ஒற்றை அரசமைப்பு கிடையாது. நாடாளுமன்றம் வைத்ததே சட்டம். இங்கே எழுதிவைத்திருக்கிறோம். எழுதியது ஒன்று இருந்தால், யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று படித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த வேலை நீதிமன்றத்துக்கு. அந்த எழுத்திலேயே இரண்டு வேலிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. நீதிபதி தன் கடமையைச் செய்ததைப் பற்றிச் சட்டமன்றத்தில் விவாதிக்கவே கூடாது என்கிறது 211-ஆவது உறுப்பு. விவாதிக்கவே கூடாதென்றால் பிடித்துவந்து நிறுத்துவது எப்படி? பக்கத்திலேயே 212, மன்ற நடவடிக்கைகளில் நடைமுறைத் தவறு இருந்தது என்று நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது. அதையும் உச்ச நீதிமன்றம் மதித்தது. ஆனால் நடைமுறையில் தவறு வேறு, சட்டவிரோதம் வேறு; இரண்டாவதை நீதிமன்றம் பார்க்கலாம் என்று கோடு கிழித்தது. தன் உறுப்பினரல்லாத ஒருவரை, மன்றத்துக்கு வெளியே செய்த காரியத்துக்காகத் தண்டித்தால், அவர் உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் உரிமையைப் பறிக்க முடியாது. மனுவை ஏற்ற நீதிபதிகள் மன்றத்தை அவமதிக்கவில்லை. மனு போட்ட வக்கீலும் அவமதிக்கவில்லை.

வெறும் கருத்துதான் இது, தீர்ப்புகூட இல்லை. பின்னால் ஒரு போலீஸ்காரர்கூடக் கிடையாது. அமெரிக்க அரசமைப்பு உருவான காலத்தில், 1788-இல், அலெக்சாண்டர் ஹாமில்டன் இதைத்தான் எழுதினார்: நிர்வாகத்திடம் வாள் இருக்கிறது, சட்டமன்றத்திடம் பணப்பை இருக்கிறது, நீதித்துறையிடம் இரண்டும் இல்லை, ஆகவே மூன்றிலும் வலுக்குறைந்தது அதுவே. என்னை இன்றும் வியக்கவைப்பது, கடைசி வார்த்தையை அந்த வலுக்குறைந்தவரிடம் கொடுத்த ஏற்பாடுதான். துப்பாக்கி வைத்திருப்பவரிடம் கடைசி வார்த்தையையும் கொடுத்தால் அவரை நிறுத்த யாரும் இல்லை. வெறுங்கையோடு இருப்பவரிடம் கொடுத்தால், மற்ற இருவரும் கேட்டு நடக்கும் வரைதான் அவர் வார்த்தைக்கு மதிப்பு. ஆகவே வரம்பு மீறிப் பேச அவருக்கும் பயம் இருக்கும். எல்லா நீதிபதிக்கும் அந்தப் பயம் எப்போதும் இருந்ததா என்பது வேறு விஷயம்.

பணப்பை என்றதும் இன்னொரு சின்ன நுணுக்கம். கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் வெளியே போகவும் சட்டமன்றம் இயற்றிய சட்டம் வேண்டும். அரசு வரி வாங்கவும் சட்டம் வேண்டும். நிர்வாகத்தை மடக்க மன்றத்திடம் உள்ள உண்மையான ஆயுதம் இதுதான். ஆனால் உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் மட்டும் ஓட்டெடுப்புக்கு வராது. அதைப் பற்றிப் பேசலாம், குறைத்து ஓட்டுப் போட முடியாது. நீதிபதிகளைப் பிடித்துவரச் சொன்ன அந்த மன்றத்தால் அவர்களுடைய மாதச் சம்பளத்தில் பத்துப் பைசாவைப் பிடித்துவைக்க முடிந்திருக்காது. எழுதியவர்கள் கோபக்கார மன்றங்களை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாக் கோபத்தையும் நினைத்துப் பார்த்துவிடவில்லை என்பதற்கும் சாட்சி உண்டு. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்காக அதன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் திருடர்களாகக் கேலி செய்த படம். எழுந்த எதிர்ப்பில் சில நாட்களிலேயே விட்டுவிட்டார்கள். அவர் அதோடு விடவில்லை. உயர் நீதிமன்றம் போய் வென்றார். 2003 நவம்பரில் ‘தி இந்து’ பத்திரிகையின் ஆசிரியர் உள்ளிட்டோருக்கு இதே மன்றம் 15 நாள் சிறை விதித்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் கைதுக்குத் தடை போட்டது. அந்தத் தடைக்குக் கட்டுப்பட்டார்கள். தடை போட்ட நீதிபதிகளைப் பிடித்துவா என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அந்த ஆசையை 1964 தீர்த்துவைத்துவிட்டது.

கேசவ் சிங் என்ன ஆனார்? உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது, அவர் மனுவை நீதிபதிகள் கேட்கலாமா என்ற கேள்விக்குத்தான். கேட்டால் அவர் ஜெயிப்பாரா என்பது அங்கே கேட்கப்படவில்லை. ஆகவே மனு அலகாபாத் உயர் நீதிமன்றத்திலேயே காத்திருந்தது. 1965 மார்ச்சில் விசாரித்து முடித்தார்கள். தன்னை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் சட்டமன்றத்துக்கு உண்டு; அவர் செய்தது அவமதிப்பா இல்லையா என்று மன்றம் எடுத்த முடிவை நாங்கள் மேல்முறையீடு மாதிரி அலசிப் பார்க்க மாட்டோம்; மனு தள்ளுபடி.

28 நீதிபதிகள், பிறகு ஏழு நீதிபதிகள், ஒரு குடியரசுத் தலைவர், ஒரு முதலமைச்சர் என்று இத்தனை பேர் அவர் பெயரை உச்சரித்த பிறகும் அவருடைய ஏழு நாளில் மிச்சம் பாக்கி நின்றது. 14-ஆம் தேதி உள்ளே போனார், 19-ஆம் தேதி பிற்பகல் வெளியே வந்தார். போன நாளையும் வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் பாக்கி ஒரு நாள். சேர்க்காவிட்டால் மூன்று.